காற்று போன வழி: ஒரு பாய்மரப் படகு டைரி

நாள் 1, கேப் டவுன்

இன்றைக்குக் கிளம்பியிருக்க வேண்டும், கிளம்பவில்லை. பாய்மரப் படகு காற்று இல்லாமல் நின்றால் ஒரு நியாயம் இருக்கிறது, நாங்கள் நிற்பது காற்று அளவுக்கு மீறி அடிப்பதால். தென்கிழக்கிலிருந்து நேற்று மாலை பிடித்தது, இன்னும் விடவில்லை. துறைமுகத்தில் கட்டிக்கிடக்கிற அத்தனை படகுகளின் கயிறுகளும் பாய்மரத்தில் அடித்து அடித்து, ராத்திரி முழுக்க யாரோ பாத்திரங்களை உருட்டுகிற மாதிரி சத்தம்.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர், 14 மீட்டர் நீளப் படகு. இங்கிருந்து செயிண்ட் ஹெலினா தீவு, அசென்ஷன் தீவு, அப்புறம் பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கே அசோர்ஸ் தீவுகள் வரை. எனக்குப் பாய் கட்டத் தெரியாது, கயிற்றைப் பிடி என்றால் பிடிக்கத் தெரியும். வந்த காரணம் வேறு. பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் ஓர் உருண்டையை வரைந்து பட்டை பட்டையாக அம்புக்குறி போட்டிருப்பார்களே, கோள் காற்றுகள் என்று, அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த அம்புக்குறிகளில் ஒன்றைக்கூட முகத்தில் வாங்கியதில்லை. இந்தப் பாதை அந்தப் படத்தைக் கீழிருந்து மேலாக அறுத்துக்கொண்டு போகிறது.

சும்மா உட்கார்ந்து டேபிள் மலையைப் பார்த்தேன். 1,086 மீட்டர், உச்சி பலகை போலத் தட்டை, அதன்மேல் வெள்ளை மேகம் விரிப்பு மாதிரி கிடந்து ஓரத்தில் வழிகிறது, வழிந்து பாதி மலையிலேயே காணாமல் போகிறது. மணிக்கணக்கில் வழிந்தும் கீழே வந்து சேரவே இல்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது, மேலே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது, விரியும்போது குளிர்கிறது, ஈரம் மேகமாகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகி மேகம் மறுபடி கண்ணுக்குத் தெரியாத ஆவியாகிவிடுகிறது. அதாவது மேகம் அசையவில்லை, காற்றுதான் அதற்குள் புகுந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

இந்தக் காற்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'கேப் டாக்டர்', புகையையும் நோயையும் ஊதித் தள்ளிவிடும் என்று பழைய நம்பிக்கை. அது பிறக்கிற இடம் மேற்கே கடலுக்குள் இருக்கிறது. தெற்கு அட்லாண்டிக்கில் கனத்த காற்றுக் குவியல் ஒன்று வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, உயர் அழுத்த மண்டலம். காற்றுக்கும் எடை உண்டு, கடல் மட்டத்தில் அது கொடுக்கிற அழுத்தம் சராசரி 1013 மில்லிபார். அந்தக் குவியலில் அதைவிட அதிகம், வெயிலில் காய்ந்து கிடக்கிற ஆப்பிரிக்க உள்நிலத்தின் மேல் குறைவு. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி காற்றும் ஓடுகிறது. ஆனால் நேராக ஓடாமல் குவியலைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. ஏன் வளைகிறது என்பதை ரேகைக்குப் பக்கத்தில் போனபின் எழுதுகிறேன், இப்போது எழுதினால் நானே குழம்புவேன்.

நாள் 3, சல்டானா விரிகுடா

நேற்று கிளம்பிவிட்டோம். 100 கிலோமீட்டர் வடக்கே வந்ததும் ஒரு கப்பி உடைந்தது, விரிகுடாவுக்குள் நங்கூரம் போட்டு அதை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தென்கிழக்கு ஓய்ந்துவிட்டதால் சின்னக் காற்றுகள் தலைகாட்டுகின்றன.

காலையில் தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. பதினொரு மணிக்குக் கடல் பக்கமிருந்து லேசாகத் தொட்டது, மூன்று மணிக்கெல்லாம் தொப்பியைப் பிடுங்குகிற அளவு. கடல் காற்று. எல்லோரும் ஆறாம் வகுப்பில் படித்ததுதான்: தரை சீக்கிரம் சூடாகும், தண்ணீர் மெல்லச் சூடாகும். ஏன் என்று யோசித்தால்தான் சுவாரசியம். மண்ணில் வெயில் மேல்தோலோடு நின்றுவிடுகிறது, ஒரு முழம் தோண்டினால் குளிர்ச்சி. தண்ணீரில் வெயில் ஆழம் வரை இறங்கும், அலை கலக்கிவிடும், போதாக்குறைக்கு ஒரு டிகிரி ஏற்றவே தண்ணீருக்கு மண்ணைவிடப் பல மடங்கு வெப்பம் தேவை. இங்கே பெங்குவேலா நீரோட்டம் வேறு தெற்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டு வருகிறது, கை வைத்தால் விரல் மரத்துப்போகிறது. ஒரு பக்கம் கொதிக்கிற மணல், இன்னொரு பக்கம் இந்தத் தண்ணீர்.

கேப்டன் (அறுபது தாண்டியவர், பேச்சு குறைவு) கரையைக் காட்டி மேலே பார்க்கச் சொன்னார். கரைக்கு உள்ளே தள்ளி, கரைக்கு இணையாக வரிசையாகச் சின்ன மேகங்கள். அங்கேதான் காற்று மேலே ஏறுகிறதாம். ஏறியது மேலே கடல் பக்கம் திரும்பிப் போய், கடலுக்கு மேல் இறங்கி, மறுபடி கரைக்கு வருகிறது. நம் முகத்தில் படுவது அந்தச் சுற்றின் அடிப்பாகம் மட்டும். "காற்று எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள், எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கேள்" என்றார். அவர் இந்தப் பயணத்தில் பேசிய மிக நீளமான வாக்கியம் இதுவாக இருக்கலாம்.

ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தேன். படகு திரும்பி நின்றிருந்தது, மூக்கு கரையைப் பார்த்து. தரை ஆறிவிட்டது, நிலக்காற்று. பகல் காற்றில் பாதி பலம்கூட இல்லை, ஆனால் காய்ந்த புதர் வாசனையைத் தண்ணீர்மேல் கொண்டுவந்து போட்டது.

நாள் 6, கடலில்

நள்ளிரவிலிருந்து நான்கு மணி வரை எனக்கும் இன்னொருவருக்கும் காவல். அவர் அண்டார்டிகாவில் ஒரு பருவம் முழுக்க எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். அங்கே காற்று எப்படி என்று கேட்டேன். வீசாது, வழியும் என்றார்.

பனிப்பீடபூமி மேலே, கடற்கரை கீழே. பனிமேல் உட்கார்ந்திருக்கிற காற்று குளிர்ந்து குளிர்ந்து கனமாகி, சரிவில் தானாகவே இறங்க ஆரம்பிக்கிறது, பள்ளத்தாக்குகளில் ஒன்றுசேர்ந்து ஆறு மாதிரி வேகமெடுக்கிறது. சரிவுக்காற்று. ஐந்து நிமிஷம் முன்புவரை பேசிக்கொண்டு நடந்தவர்கள் அடுத்த ஐந்தாவது நிமிஷம் தவழ்ந்து போகவேண்டியிருக்குமாம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டக்ளஸ் மாசன் 1912-இல் இது தெரியாமல் டெனிசன் முனையில் முகாம் போட்டு மாட்டிக்கொண்டார். அவர்கள் அளந்த ஓராண்டுச் சராசரியே மணிக்கு 80 கி.மீ. பக்கம். சராசரி! கடல்மட்டத்தில் அவ்வளவு காற்றடிக்கிற இடம் பூமியில் வேறில்லை என்கிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். டேபிள் மலையில் இறங்குகிற காற்று சூடாகிறது என்று நானே எழுதினேன், இங்கே இறங்குகிற காற்று ஏன் உறைய வைக்கிறது? அவர் சொன்ன விளக்கம்: அதுவும் சூடாகத்தான் செய்கிறது, 100 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 1 டிகிரி. ஆனால் புறப்படும்போதே பூஜ்ஜியத்துக்கு 40, 50 டிகிரி கீழே இருந்தால் என்ன சூடாகி என்ன, வழியெல்லாம் பனியைத் தடவிக்கொண்டு வேறு வருகிறது.

மலை தாண்டி இறங்குகிற காற்றின் கதை வேறு. ஏறும் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டால், ஆவி நீராகும்போது விடுகிற வெப்பம் காற்றிலேயே தங்கிவிடும், அதனால் அந்தப் பக்கம் 100 மீட்டருக்கு அரை டிகிரி அளவில்தான் குளிர்கிறது. இறங்கும் பக்கம் உலர்ந்துபோனதால் முழு ஒரு டிகிரி சூடாகிறது. கணக்கில் லாபம், அடிவாரத்துக்கு வரும்போது புறப்பட்டதைவிடச் சூடு. ஆல்ப்ஸ் மலையில் ஃபோன், வட அமெரிக்க ராக்கி மலையில் சினூக். 1943 ஜனவரி 22 அன்று தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் மைனஸ் 20-லிருந்து பிளஸ் 7-க்கு இரண்டே நிமிஷத்தில் வெப்பம் ஏறியது. ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டனவாம்.

மிஸ்ட்ரல், போரா, சிராக்கோ என்று அவர் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனார். பாதி கேட்டேன், மீதியில் தூங்கிவிட்டேன். காவலில் தூங்கியதைக் கேப்டனிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாள் 10

தென்கிழக்கு மறுபடி வந்துவிட்டது, ஆனால் இது வேறு ஜாதி. கேப் டவுனில் அடித்தது முரடன், இது வேலைக்குப் போகிற ஆள். நான்கு நாளாக ஒரே திசை, மணிக்கு 30 கி.மீ. சுமார், ராத்திரி பகல் வித்தியாசம் இல்லை. பாயை ஒருமுறை கட்டிவிட்டு மறந்தே போய்விட்டோம்.

புத்தகத்தில் இதற்கு வியாபாரக் காற்று என்று பெயர். கப்பல் வியாபாரிகளுக்கு உதவியதால் அந்தப் பெயர் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் 'டிரேட்' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் வியாபாரமே இல்லை, தடம், போகிற வழி. ஒரே தடத்தில் அடிக்கிற காற்று. சில தமிழ்ப் புத்தகங்களில் 'தடக்காற்று' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏதோ விசித்திரமான மொழிபெயர்ப்பு என்று நினைத்திருக்கிறேன், அதுதான் சரியான சொல்.

மேகங்களும் ஒழுக்கமானவை. பஞ்சுப் பொதி மாதிரி சின்னச் சின்னதாக, எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டிவிட்டது போல நிற்கின்றன. மேலேயிருந்து காற்று இறங்கிக்கொண்டே இருப்பதால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் சூடான அடுக்கு ஒன்று மூடி போட்ட மாதிரி கிடக்கிறது, மேகத்தால் அதை உடைத்துக்கொண்டு வளர முடியவில்லை. பத்து நாளில் ஒரு சொட்டு மழை இல்லை.

நாள் 15, செயிண்ட் ஹெலினா

நெப்போலியனைக் கொண்டுவந்து வைத்த தீவு. அதைப்பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எனக்கு வேண்டியவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திர ஹாலிதான். 1677-இல், இருபது வயதில், தெற்கு வானத்து நட்சத்திரங்களைக் கணக்கெடுக்க இங்கே வந்தார். மலைமேல் இடம் பிடித்தார், மேகம் மறைத்துக்கொண்டே இருந்தது. இன்று அந்தப் பக்கம் ஏறிப் பார்த்தேன், பாவம் மனிதர். தென்கிழக்குக் காற்று தீவின் முதுகில் ஏறி, உச்சியில் ஈரத்தைக் கொட்டி, வடமேற்கே ஜேம்ஸ்டவுன் பக்கம் காய்ந்து இறங்குகிறது. மேலே பாசியும் பெரணியும், கீழே துறைமுகத்தில் மொட்டைப் பாறை, நடுவே சில கிலோமீட்டர்தான்.

நட்சத்திரம் பார்க்கவிடாத காற்று அவரை விடவில்லை போலிருக்கிறது. 1686-இல் வெப்பமண்டலக் கடல்களின் காற்றுகளை வரைபடமாகப் போட்டார். வெயில் பட்டுக் காற்று மேலே ஏறுகிறது, அந்த இடத்தை நிரப்ப மற்ற காற்று ஓடிவருகிறது என்பதைச் சரியாகப் பிடித்தார். ஏன் கிழக்கிலிருந்து வருகிறது என்பதில் சறுக்கினார், சூரியன் மேற்கே போவதால் காற்றும் அதன் பின்னால் போகிறது என்றார். 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி என்ற லண்டன் வழக்கறிஞர் அதைத் திருத்தினார். அவர் கதை ரேகையில்.

நாள் 16

இந்தத் தீவுக்கு 2016-இல் திறப்பதாக இருந்த விமான நிலையம் ஒன்று உண்டு. கிழக்கே செங்குத்துப் பாறைக்கு மேல் ஓடுபாதை. தடக்காற்று பாறையில் மோதி மேலே எகிறி, மேடுபள்ளங்களில் புரண்டு, ஓடுபாதை முனையில் கண்டபடி திசை மாறுகிறது. இறங்குகிற விமானத்துக்கு ஒரு நொடி எதிர்காற்று, மறுநொடி பின்காற்று. சோதனைப் பயணங்களில் இது தெரிந்ததும் திறப்பு தள்ளிப்போய், வழக்கமான பயணிகள் விமானம் 2017 அக்டோபரில்தான் வந்தது. நான்கு நாளாகக் கடலில் ஒழுக்கசீலன் என்று நான் புகழ்ந்த அதே காற்று!

துறையில் நிற்கும் எங்கள் படகையும் அது விடவில்லை. பள்ளத்தாக்கு வழியாகத் திடீர் திடீரென்று இறங்கிக் குத்துகிறது. காயப்போட்ட சட்டை ஒன்று பிரேசில் நோக்கிப் போய்விட்டது.

நாள் 23, அசென்ஷன்

ஒரு நாள்தான் நின்றோம். கருகிய எரிமலைக் குப்பைமேடு, அதன் நடுவே ஒரே ஒரு பச்சை மலை, 859 மீட்டர். பச்சை மனிதர்கள் வைத்தது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1843-இல் வந்து பார்த்துவிட்டுச் சொன்ன யோசனை: காற்று ஈரத்தோடுதான் வருகிறது, பிடித்து நிறுத்த மரம் இல்லை. கப்பல் கப்பலாகக் கன்றுகள் வந்திறங்கின. இன்று உச்சியில் மூங்கில் காட்டுக்குள் நின்றால் மழை பெய்யாமலே இலையெல்லாம் சொட்டுகிறது. ஒரு காற்றை வடிகட்டிக் காடு செய்திருக்கிறார்கள்.

நாள் 28, பூமத்திய ரேகை

காலை 9.40-க்கு ஜிபிஎஸ்ஸில் அட்சரேகை பூஜ்ஜியமானது, ஒருவர் கை தட்டினார், அவ்வளவுதான்.

இப்போது அந்த வளைவு. பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்று. ரேகையில் நிற்கிற நாங்கள் கிழக்கே மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம், சுற்றளவு இங்கேதான் பெரிது. 30 டிகிரியில் அதே சுழற்சிக்கு 1,450 போதும், 60 டிகிரியில் பாதி. 30 டிகிரியிலிருந்து ரேகைக்குப் புறப்பட்ட காற்று அந்த ஊர் வேகத்தோடு வருகிறது, இங்கே தரை அதைவிட வேகமாக ஓடுகிறது, காற்று பின்தங்குகிறது. பின்தங்குகிற காற்று நமக்குக் கிழக்கிலிருந்து வீசுவதாகத்தான் தெரியும், வேகமாகப் போகிற வண்டியில் எதிர்காற்று படுகிற மாதிரி. இதுதான் ஹாட்லி சொன்னது. கணக்கில் பிழை இருந்தது (வேகத்தைப் பார்த்தார், கோண உந்தத்தை, அதாவது சுழற்சியின் உந்தத்தைப் பார்க்கவில்லை), எண்ணம் சரி. நூறு வருஷம் கழித்து 1835-இல் பிரான்சின் கொரியோலி சுழலும் இயந்திரங்களுக்காகப் போட்ட சமன்பாடு இதே விளைவின் பொதுவிதி ஆகிவிட்டது. அவர் காற்றைப்பற்றி யோசிக்கவே இல்லை. வடக்கில் ஓடுவதெல்லாம் வலப்பக்கம் விலகும், தெற்கில் இடப்பக்கம். ரேகையில் விலகலே இல்லை.

ஆகவே தொட்டித் தண்ணீர் தெற்கே ஒரு மாதிரியும் வடக்கே வேறு மாதிரியும் சுழன்று இறங்கும் என்பது கதை. அவ்வளவு சின்ன இடத்தில் இந்த விளைவு ஒன்றுமே இல்லை, தொட்டியின் சாய்வுதான் தீர்மானிக்கிறது. படகின் கைகழுவும் தொட்டியில் காலையிலிருந்து நான்கு முறை பார்த்தாயிற்று. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்.

இன்னொன்று தோன்றியது. ஜூன் மாதம் இந்தியப் பெருங்கடலில் இதே தென்கிழக்குக் காற்றுதான் ரேகையைத் தாண்டுகிறது, தாண்டியதும் விதி மாறி வலப்பக்கம் திரும்புகிறது. அதைத்தான் நாம் தென்மேற்குப் பருவக்காற்று என்கிறோம்.

நாள் 31

காற்று செத்துவிட்டது.

நாள் 32

செத்தே கிடக்கிறது. பாய் தொங்குகிறது, கடலின் பழைய அலை மட்டும் படகை ஆட்டுகிறது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பாய்மரம் 'படார்' என்று அடிக்கிறது. வெயில் இல்லை, ஆனால் மூச்சு விட்டால் வெந்நீர் குடிக்கிற மாதிரி. டீசலை எண்ணிச் செலவழிக்கிறோம், பகலில் நான்கு மணி நேரம் எஞ்சின்.

இரு பக்கத் தடக்காற்றுகளும் வந்து சேருகிற பட்டை இது, அமைதி மண்டலம் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. அமைதி என்ற வார்த்தையை யார் போட்டார்களோ தெரியவில்லை, மேலே பார்த்தால் தெரியும். சுற்றிலும் மேகக் கோபுரங்கள், தலை 15 கிலோமீட்டரைத் தொடுகிறது. இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்த காற்று முட்டிக்கொண்டு போக இடமில்லாமல் மேலே போகிறது. பக்கவாட்டில் வந்தால்தானே பாய்க்கு உதவும், நேராக மேலே போகிற காற்றை வைத்து நாங்கள் என்ன செய்வது?

நாள் 33

நேற்று எழுதியதற்குத் தண்டனை. மதியம் மூன்று மணிக்கு வடகிழக்கே கறுத்த மேகம், அதன் அடியில் தண்ணீர்மேல் வெள்ளைக் கோடு. கேப்டன் பாயை இறக்கச் சொல்லிக் கத்தினார், பாதி இறக்குவதற்குள் கோடு வந்துவிட்டது. பூஜ்ஜியத்திலிருந்து மணிக்கு 65 கி.மீ.-க்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. படகு படுத்தேவிட்டது, முன்பாய் ஒரு முழ நீளம் கிழிந்தது, எல்லோரும் நனைந்து நடுங்கினோம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், நடுக்கம்!

நடுக்கம்தான் விஷயமே. மழை விழும்போது கொஞ்சம் ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது, குளிர்ந்த காற்று கனத்துத் தொப்பென்று கீழே விழுகிறது, கடலில் மோதி நாலாபுறமும் தெறிக்கிறது. குடத்துத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்த மாதிரி. இருபது நிமிஷத்தில் முடிந்துபோய் மறுபடி தொங்குகிற பாய்.

இரவு ஈரத்துணியோடு உட்கார்ந்து கேப்டனிடம் புலம்பினேன், காற்றே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டோமே என்று. அவர் மேகத்தைக் காட்டி, இதுவரை உன்னைத் தள்ளிக்கொண்டு வந்த காற்று முழுக்க இதற்காகத்தான் ஓடியது என்றார். கடலிலிருந்து ஆவியாகி ஏறிய வெப்பம் மேகத்துக்குள் வெளிப்பட்டு, அந்த வெப்பத்தில் காற்று இன்னும் ஏறி, கீழே அழுத்தம் குறைந்து, அந்தக் குறைவைத் தேடித்தான் 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எங்களோடு அது வந்திருக்கிறது. இது எஞ்சின் அறை. எஞ்சின் அறையில் நின்றுகொண்டு காற்று வரவில்லை என்று புகார் சொல்லியிருக்கிறேன்.

நாள் 36

வடகிழக்கு வந்தது! அதிகாலையில் கன்னத்தில் பட்டது, கண்ணைத் திறக்காமலே தெரிந்தது. கிழிந்த பாயைத் தைத்துக் கட்டிவிட்டோம். ஆனால் இனி எதிர்காற்று, நாங்கள் போகவேண்டிய பக்கமிருந்தே வருகிறது. சாய்ந்த படகில் பத்து நாள், குளிப்பது எழுதுவது எல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். நேராக வடக்கே போக முடியாது, வடமேற்கே கோணலாக ஏறி, மேலைக்காற்றைப் பிடித்துக் கிழக்கே திரும்பவேண்டும். போர்ச்சுக்கீசியர்கள் 15-ஆம் நூற்றாண்டிலேயே இப்படித்தான் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வீடு திரும்பினார்கள்.

நாள் 42

படகு சிவந்திருக்கிறது. கயிறு, பாய், என் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் செம்மண் மாவு. பக்கத்து நிலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். சகாராவின் தூசு. குளிர்காலத்தில் பாலைவனத்திலிருந்து ஹர்மட்டான் என்கிற வறண்ட வடகிழக்குக் காற்று கிளம்பும், அது கொண்டுவருகிற மண் அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் காடு வரை போய் உரமாகிறது. டார்வின் 1832 ஜனவரியில் வெர்டே முனைத் தீவுகளில் இந்தத் தூசைச் சேகரித்து வைத்தார். நான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 49, 31 டிகிரி வடக்கு

மறுபடி நின்றுவிட்டோம். ஆனால் போனமுறை மாதிரி இல்லை. வானம் துடைத்துவிட்ட நீலம், பாரோமீட்டர் 1030, தண்ணீரில் எங்கள் பாய்மரம் தலைகீழாக அசையாமல் தெரிகிறது. பியூஃபோர்ட் அளவில் பூஜ்ஜியம். பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805 வாக்கில் தன் கப்பல் நாட்குறிப்புக்காக எழுதிவைத்த அளவு அது, முதலில் காற்றின் வேகத்தை அளக்கவே இல்லை, எவ்வளவு பாய் விரிக்க முடிகிறது என்பதைத்தான் சொன்னது. அவர் கணக்குப்படியும் நாங்கள் பூஜ்ஜியம்தான்.

குதிரை அட்சரேகை என்பார்கள். காற்றில்லாமல் நின்ற கப்பல்கள் தண்ணீரை மிச்சம் பிடிக்கக் குதிரைகளைக் கடலில் தள்ளியதால் அந்தப் பெயர் என்று ஒரு கதை, நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

16 நாள் முன்பு என் தலைக்குமேல் ஏறிய காற்று இதோ இறங்குகிறது. 15 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்தை நோக்கிக் கிளம்பியது, வளைந்து வளைந்து இங்கே வந்ததும் மேற்கொண்டு போகமுடியாமல் குவிந்து கீழே அமுங்குகிறது. ஈரத்தையெல்லாம் ரேகையிலேயே கொட்டிவிட்டதால் வறட்சி. சகாராவும் இதே அட்சரேகையில் இருப்பது தற்செயல் இல்லை. தெற்கே கேப் டவுன் பக்கத்தில் பார்த்தோமே ஒரு குவியல், அதன் வடக்குச் சகோதரன் இது, அசோர்ஸ் உயர் அழுத்தம்.

அந்தப் படத்தில் அம்புக்குறி உள்ள பட்டைகளைத்தான் மனப்பாடம் செய்தேன், அம்பு இல்லாத பட்டைகளைத் தாண்டிப் போய்விடுவேன். இப்போது பார்த்தால் அம்பு இல்லாத இடங்களில்தான் எல்லாம் நடக்கிறது. ஓர் இடத்தில் ஏறுகிறது, ஓர் இடத்தில் இறங்குகிறது, நாம் காற்று என்று பெயர் வைத்தது இரண்டுக்கும் நடுவே நடக்கிற போக்குவரத்து.

நாள் 53

கையெழுத்து கோணினால் மன்னிக்கவும். பாரோமீட்டர் நேற்று 1018, இன்று 1001. முதலில் தெற்கிலிருந்து மெல்ல, அப்புறம் மழை, அப்புறம் தென்மேற்கில் மணிக்கு 70 கி.மீ. முழுப் புயல்காற்று. அலைகள் பின்னாலிருந்து வீட்டுக் கூரை உயரத்துக்கு வருகின்றன, பார்க்காமலிருப்பது நல்லது.

மேலைக்காற்றுப் பட்டைக்குள் வந்துவிட்டோம். இங்கே ஒழுக்கம் கிடையாது. தெற்கின் சூடான காற்றும் வடக்கின் குளிர்ந்த காற்றும் உரசுகிற இடம், உரசலில் சுழிகள் பிறந்து கிழக்கே உருண்டுபோகின்றன. உருட்டிவிடுவது மேலே ஓடுகிற ஜெட் காற்றோட்டம், மணிக்கு 300 கி.மீ.-ஐத் தாண்டுவதும் உண்டு. அது மேலேயிருந்து காற்றை உருவிக்கொண்டு போக, கீழே அழுத்தம் சரிகிறது. 1920-களிலேயே ஜப்பானின் வசாபுரோ ஓயிஷி பலூன் விட்டு இதை அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார், கிட்டத்தட்ட யாருமே படிக்கவில்லை.

கேப்டன் ஒரு வித்தை காட்டினார். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டு, தாழ்வழுத்தம் அந்தப் பக்கம். வட பாதிக்கு மட்டும், தெற்கே வலக்கை. டச்சுக்காரர் பைஸ் பாலட் 1857-இல் சொன்ன விதி. காலையில் நீட்டினேன், கை வடமேற்கைக் காட்டியது. மாலையில் திடீரென்று குளிர்ந்து, வானம் கிழிந்து, காற்று வடமேற்குக்குத் தாவியது. மறுபடி நீட்டினால் வடகிழக்கு. எங்களைத் தாண்டிப் போய்விட்டது, கையால் ஒரு சுழியைப் பின்தொடர்ந்திருக்கிறேன்.

இதுவே தெற்குப் பாதியாக இருந்தால் இன்னும் மோசம். அங்கே 40 டிகிரிக்குக் கீழே குறுக்கே நிலமே அநேகமாக இல்லை, காற்று பூமியைச் சுற்றிச் சுற்றி ஓடலாம். கர்ஜிக்கும் நாற்பது, சீறும் ஐம்பது, அலறும் அறுபது என்று மாலுமிகள் அட்சரேகைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

காவலில் இருந்த நண்பர் உங்கள் மொழியில் காற்றுக்கு எத்தனை பெயர் என்று கேட்டார். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கு தென்றல், கிழக்கு கொண்டல், மேற்கு கோடை என்றேன். இப்போது அடிப்பது எது என்றார். தென்மேற்கு, சூடும் இல்லை, மென்மையும் இல்லை. கச்சான் என்று சொல்லிவைத்தேன், அதுகூட இவ்வளவு முரடாக இருக்காது.

நாள் 57, ஹோர்ட்டா, அசோர்ஸ்

நேற்று ராத்திரி கட்டியாயிற்று. தரை ஆடுகிறது.

எதிர்த் தீவில் பிகோ மலை, 2,351 மீட்டர், உச்சியில் தொப்பி மாதிரி அசையாத மேகம். முதல் நாள் விரிப்பு, கடைசி நாள் தொப்பி. காலையில் துறைமுகத்துக்குள் காற்றே இல்லை, துவைத்துப் போட்ட துணியெல்லாம் கொடியில் செத்துத் தொங்கின. கேப்டன் பாரோமீட்டரைத் தட்டிப் பார்த்தார், 1027, உயர் அழுத்தம் எங்கள்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது, இன்றைக்கு எதுவும் காயாது என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போனார்.

இரண்டு மணி இருக்கும், தீவுக்கு நடுவே மலைமுகட்டுக்கு மேல் ஒரு சின்ன மேகம் முளைத்திருந்தது. காலையில் அது இல்லை. பக்கத்தில் இன்னொன்று. கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், துறைமுக வாய்க்கு வெளியே தண்ணீர் லேசாகக் கறுத்துச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. துணிகளுக்குக் கிளிப் போட ஓடினேன்.